ராசியாய்ப் போன வழக்குகள்

"குட்மார்னிங் மிஸஸ் ஹெட்லி. மழை விட்டுடுச்சு பாத்தீங்களா? நல்லவேளை, நனையாம வந்து சேந்தீங்க."

சொன்னது மெர்வின் சோல்ஸ்பி. நியூகாசில் நீதிமன்றத்தின் இரண்டாம் மாடி நடைவழியில், கோட்டுப் பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, தெல்மா ஹெட்லியைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி வேறு வைத்தான்.

வாயைத் திறந்தால் என்ன வந்து விழும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஆறு வருஷமாக வழக்கு மேல் வழக்காகப் போட்டு ஒரு ஊரையே அலறவைத்தவன், சொந்தக்காரக் கல்யாணத்தில் பார்த்துக்கொண்ட மாதிரி மழையை விசாரிக்கிறான்! திட்டுகிறவனைக்கூட மன்னித்துவிடலாம். மரியாதையாகக் கழுத்தை அறுக்கிறவனை என்ன செய்வது?

"கண்டுக்காத, தெல்மா" என்று அவள் காதோரம் முணுமுணுத்தார் டெரிக் டர்ன்புல். கிளப்பின் தலைவர். "இன்னிக்கோட இவன் தொல்லை ஒழிஞ்சுது."

கிளப் என்றால் ப்ளாக்ஹோப் லீக்ஸ் கிளப். நிலக்கரிச் சுரங்கத்தை இழுத்து மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ப்ளாக்ஹோப் ஆண்கள் லீக்ஸ் என்கிற வெங்காயத் தண்டை வளர்ப்பதை விடவில்லை. சமையலுக்கு வாங்குகிற ஒல்லிக்குச்சி லீக்ஸ் இல்லை, குழந்தையின் தொடை பருமனுக்கு வளர்கிற ஜாதி. ஆட்டுப் புழுக்கை, பழைய பீர், இன்னும் என்னென்னவோ ஊற்றி வளர்ப்பார்கள். என்ன ஊற்றினான் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டான். செப்டம்பரில் போட்டி. எவனுடையது பருமனோ அவனுக்கு முதல் பரிசு. வாஷிங் மெஷின், சோபா எல்லாம் மேடையில் வரிசையாக நிற்கும். போட்டி முடிந்த திங்கட்கிழமை அத்தனை லீக்ஸையும் வெட்டி சூப் காய்ச்சி ஊர்க் கிழங்கட்டைகளுக்கு ஊற்றிவிடுவார்கள். உப்புப் பெறாத விஷயம் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ப்ளாக்ஹோப்பில் ஒருவனுக்கு மானமும் மரியாதையும் அந்த மேடையில்தான்.

அந்த மேடையில் முப்பது வருஷம் அளவெடுத்தவன் தெல்மாவின் புருஷன் வில்ஃப். அளக்கிறவனுக்குப் போட்டியில் கண் இருக்கக் கூடாது என்று தன் தோட்டத்தில் லீக்ஸே போடாமல் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டு திரிந்தவன். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கூடப் பிறந்த தம்பிக்கே நூலிழை வித்தியாசத்தில் முதல் பரிசு இல்லை என்று சொல்லி, இரண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவன்.

மெர்வின் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்று, தெற்கே எங்கிருந்தோ வந்து குடியேறியவன். முதல் வருஷம் அவன் லீக்ஸில் தோல் வெடித்திருக்கிறது என்று தள்ளினார்கள். வழக்குப் போட்டான். அடுத்த வருஷம் இரண்டாம் பரிசு வந்தது. அதற்கும் வழக்கு. மூன்றாம் வருஷம் ஹால் நிறைய ஜனம் இருக்கும்போது மேடை ஏறி, "ஹெட்லி கள்ள அளவுக்காரன்! கூட்டாளிக்கு டேப்பைத் தளர்த்திப் பிடிக்கிறான், எனக்கு இறுக்கிப் பிடிக்கிறான்!" என்று கத்தினான். அதற்கும் அவனே வழக்குப் போட்டான். அப்புறம் கார் நிறுத்துகிற இடத்துக்கு ஒன்று. சூப்பில் பார்லி போட்டதைச் சொல்லவில்லை என்று ஒன்று. ஹாலில் மாட்டிய போட்டோவில் தன் தலை பாதிதான் விழுந்திருக்கிறது என்று ஒன்று. பாதித் தலைக்கு வழக்குப் போட்டவனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

இதில் பெரிய கொடுமை, சட்டப்படி அந்தக் கிளப்புக்கு உடம்பே கிடையாது. அது பதிவு செய்த கம்பெனி இல்லை, நாலு பேர் சேர்ந்த கூட்டம். வழக்குப் போட்டால் கமிட்டி ஆட்களின் சொந்தப் பெயரில்தான் போட வேண்டும். நோட்டீஸ் வீட்டு வாசலுக்கு வரும். தோற்றால் குடியிருக்கிற வீட்டுக்கே ஆபத்து. அதனால் ஒவ்வொருவராகக் கமிட்டியை விட்டு ஓடினார்கள். செயலாளர் வேலைக்கு ஆள் இல்லாமல் கிடந்தபோது, வில்ஃப் போன பிறகு, "நான் பாக்கறேன்" என்று எழுந்து நின்றவள் தெல்மா. இப்போது ஏழாவது வழக்கு அவள் பெயரில். மணி அடித்த பிறகு வந்தவனின் லீக்ஸை மேஜையில் வைக்க விடவில்லை, அதனால் மெர்வினுக்கு மனவேதனை. மனவேதனையாம்! தெல்மாவுக்கு அதைப் படித்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அவள் இன்றைக்கு வந்தது அந்த வழக்குக்காக மட்டும் இல்லை. வில்ஃப் நெஞ்சில் சுரங்கத் தூசியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூச்சு வாங்க வாங்க அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அந்த அளவு கேஸ் என்னாச்சு?" ஒருநாள் டெரிக் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, "போயிடுச்சுடா வில்ஃப். ஒண்ணுமில்லாமப் போச்சு. நீ நிம்மதியாத் தூங்கு" என்றார். வில்ஃப் தூங்கினான். அந்த வாரமே போய்ச் சேர்ந்தான். நிம்மதியாகச் செத்தான் என்பதைத்தான் தெல்மா இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு, நீதிபதி வாயால், எல்லார் காதும் கேட்க, இந்த மெர்வின் சொன்னதும் போட்டதும் அத்தனையும் வீண் என்று வர வேண்டும். இனி நீதிபதியின் அனுமதி இல்லாமல் இவன் ஒரு வழக்கும் போடக் கூடாது என்று தடை வர வேண்டும். வில்ஃப் பெயரில் ஒட்டிய சேறு அதோடு கழுவப்பட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நீதிபதி சளி பிடித்த மனிதர். மூக்கைச் சிந்திக்கொண்டே தாள்களைப் புரட்டினார். ஏழாவது வழக்கை அவர் முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"மணி அடிச்சப்புறம் வந்தீங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். இதுல அந்தம்மா என்ன தப்பு பண்ணாங்க?"

"என் கடிகாரத்துல மணி ஆகலைங்க, ஐயா" என்றான் மெர்வின்.

"உங்க கடிகாரம் இந்த வழக்குல சாட்சி இல்லை, மிஸ்டர் சோல்ஸ்பி. வழக்கு தள்ளுபடி. அடியோடு அர்த்தமில்லாத வழக்குன்னு பதிவு பண்றேன்."

தெல்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடியோடு அர்த்தமில்லாத வழக்கு. ஆகா, இந்த வார்த்தைக்காகத்தானே!

கிளப்பின் வக்கீல் மிஸ் ஃபெல் எழுந்தாள். சின்னப் பெண். ஏழு வழக்குகளையும் வரிசையாகச் சொல்லி, இந்த மனிதர் நீதிமன்றத்தை ஊர்வம்புக்குப் பயன்படுத்துகிறார், தடை விதிக்க வேண்டும் என்றாள். நீதிபதி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மூக்கைத் துடைத்தார்.

"சரி. முதல் வழக்கு எப்படி முடிஞ்சுது?"

"சமாதானம் பேசி ராசியாப் போச்சுங்க, ஐயா. கிளப் வருத்தம் தெரிவிச்சுது."

"இரண்டாவது?"

"ராசிதாங்க. முதல் பரிசை ரெண்டு பேருக்கும் பொதுவாக் குடுத்தாங்க."

"அடுத்தது?"

"அவருக்குன்னு கார் நிறுத்த ஒரு இடம் ஒதுக்கினாங்க."

"சூப்பு வழக்கு?"

"இனிமே பார்லி போடறதில்லைன்னு..."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தெல்மா சிரிக்கவில்லை. சூப்பில் பார்லியை நிறுத்தியது செலவுக் குறைப்புக்காக என்றல்லவா டெரிக் சொன்னார்?

"மூணாவதை விட்டுட்டீங்களே" என்றார் நீதிபதி. அவரே தாளைத் தேடி எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். "கிளப்பின் அளவாளர் திரு. டபிள்யூ. ஹெட்லி எடுத்த அளவுகள் நம்பத்தக்கவை அல்ல என்பதைக் கிளப் ஏற்கிறது. இதற்கு மாறாகக் கிளப் எங்கும் எதுவும் பேசாது. கையெழுத்து, டி. டர்ன்புல், தலைவர்."

தெல்மாவுக்கு முதலில் காதில் ஏறவில்லை. பிறகு ஏறியது. பக்கத்தில் டெரிக் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன செய்யறது, மிஸ் ஃபெல்?" என்றார் நீதிபதி. குரலில் எரிச்சல் இருந்தது. "ஒருத்தரைத் தடுக்கணும்னா, அவர் அர்த்தமில்லாத வழக்கையே வழக்கமாப் போடறார்னு பதிவு இருக்கணும். இங்க ஆறு வழக்கு. ஆறுலயும் அவர் ஏதோ ஒண்ணு வாங்கிட்டுத்தான் போயிருக்கார். ஒரு நீதிபதியையும் ஒரு வார்த்தை சொல்ல விடாம நீங்களே தூக்கிக் குடுத்திருக்கீங்க. கேட்டதைக் குடுத்துட்டு, கேட்டது தப்புன்னு என்கிட்ட வந்தா எப்படி? இன்னிக்கு ஒண்ணு பதிவாயிருக்கு. ஒண்ணு பத்தாது. தடை மனு தள்ளுபடி."

மெர்வின் எழுந்து நின்று, "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றான்.

குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். குட்டினவன் முட்டாள் இல்லை, தெல்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்துபோயிற்று. நடைவழிக்கு வந்ததும் டெரிக்கின் கோட்டைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் நிறுத்தினாள். அறுபது தாண்டிய பொம்பளைக்கு எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ.

"என்னைக்குக் கையெழுத்துப் போட்ட?"

"தெல்மா, கண்ணு, இங்க வேணாம்..."

"கண்ணும் வேணாம் மண்ணும் வேணாம். என்னைக்குன்னு கேட்டேன்."

"அவன் ஆஸ்பத்திரில இருந்தப்ப."

"அவன் கட்டில்ல உக்காந்து, போயிடுச்சுடான்னு சொன்னியே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டெரிக் கோட்டுப் பொத்தானைத் திருகினார். அதுவே பதில்.

"முன்னாடி! கையெழுத்து மை காயறதுக்குள்ள வந்து அவன் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்த. நான் உனக்கு டீ போட்டுக் குடுத்தேன். பிஸ்கட் வேற குடுத்தேன். அதையும் தின்ன!"

"நான் என்ன பண்ணட்டும்?" டெரிக்குக்கும் குரல் உயர்ந்தது. முகம் சிவந்தது. "அந்த ஆளு வில்ஃபைச் சாட்சிக்குக் கூப்பிடணும்னு நின்னான். மூச்சுவிட முடியாதவனை கோர்ட்டுக்கு இழுக்கச் சொல்றியா? எதுக்கு வம்புன்னு ஒரு கையெழுத்தைப் போட்டேன். என் வீடு என் பேர்ல இருக்கு, வீட்டுக்காரி மேரியனுக்கு உடம்பு முடியல. வில்ஃப் எப்படியும் போகப்போறான். யாருக்கு நஷ்டம்?"

"யாருக்கு நஷ்டமா? முப்பது வருஷம் பிசகாம அளந்தவன்டா அவன்! உன் லீக்ஸையும்தான் அளந்தான். அப்ப உன் வீட்டு ஹால்ல நிக்குதே நீ பரிசா வாங்கின அலமாரி, அதையும் திருப்பிக் குடு. அதுவும் கள்ள அளவுதானே?"

நடைவழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. எதுக்கு வம்பு, எதுக்கு வம்பு! இந்த ஊர்க்காரர்கள் பிறக்கும்போதே இதைச் சொல்லிக்கொண்டு பிறக்கிறார்கள் போலிருக்கிறது. வரிசையில் இடித்தவனிடம் இடிபட்டவன் மன்னிப்புக் கேட்பான். ஆறிப்போன சாப்பாட்டை ஓட்டல்காரனிடம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருவான். மெர்வின் ஒருத்தன்தான் அதைச் சரியாகப் புரிந்துகொண்டான். இவர்களிடம் சத்தமாகக் கேட்டால் போதும், சிநேகிதனின் மானத்தையும் கழற்றிக் கொடுப்பார்கள்.

மிஸ் ஃபெல் கோப்புகளை அணைத்துக்கொண்டு வந்தாள்.

"மிஸஸ் ஹெட்லி, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். மிஸ்டர் டர்ன்புல்தான் பேப்பரெல்லாம் குடுத்தாரு. தடை கிடைக்கறது கஷ்டம்னு அவர்கிட்ட முன்னாடியே சொன்னேன்."

"அந்தக் காகிதத்தைக் கிழிக்க வழி இருக்கா, கண்ணு?"

"இல்லைங்க. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டது. கோர்ட் அதைத் தொடாது."

"சரி. எம்புருஷனைக் கள்ள அளவுக்காரன்னு எழுதிக் குடுத்தானே இவன், இவன் மேல நான் கேஸ் போடலாமா?"

டெரிக் நிமிர்ந்து பார்த்தார். மிஸ் ஃபெல் தயங்கினாள்.

"சட்டப்படி, செத்தவங்களுக்கு... எப்படிச் சொல்றது... இழக்கறதுக்குப் பேரு கிடையாதுங்க. அவர் உயிரோட இருந்தப்ப எழுதினதுன்னாலும், அவரோட அந்த உரிமையும் போயிடுச்சு. நீங்க போட்டா நிக்காது. தள்ளுபடி ஆகும். அதோட..."

"அதோட?"

"அந்தாளுக்கு இன்னிக்குப் பதிவு பண்ணாங்களே, அதே வார்த்தையை உங்களுக்கும் பதிவு பண்ணுவாங்க."

தெல்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கேஸ் போடற கவுன்டர் எந்த மாடி?"

கீழ்மாடி. அவள் படியிறங்க, டெரிக் பின்னாலேயே ஓடிவந்தார். பாவம், மூட்டுவலிக்காரர். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

"தெல்மா, நில்லு. உனக்கு என்ன வேணும், சொல்லு. பேசித் தீத்துக்கலாம். வில்ஃப் பேர்ல ஒரு கோப்பை வைக்கலாம். ஹெட்லி கோப்பை. வருஷா வருஷம் குடுக்கலாம். வெள்ளியிலயே செய்யலாம், கமிட்டி ஒத்துக்கும்."

தெல்மா படியில் நின்றாள். அப்படியே திரும்பினாள்.

"கோப்பையா?"

"இல்ல, பெஞ்சுன்னாலும் சரி. ஹால் வாசல்ல..."

"டெரிக்கு, எனக்குக் கோப்பையும் வேணாம் பெஞ்சும் வேணாம். சனிக்கிழமை ஹால்ல ஏறி நின்னு, வில்ஃப் அளவு சரியான அளவு, நான் எழுதிக் குடுத்தது பொய்யின்னு சொல்லு. அது போதும். நான் வீட்டுக்குப் போயிடறேன்."

டெரிக் இரண்டு படி மேலே நின்றபடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. அழுகிறாரா வேர்க்கிறதா என்று தெரியவில்லை.

"அது முடியாதும்மா. மாத்திப் பேசமாட்டோம்னு அதுலயே எழுதியிருக்கு. பேசினா அவன் மறுபடி கேஸ் போடுவான்."

"போடட்டுமே!"

"எதுக்கு..."

"சொல்லாத! அந்த வார்த்தையை இன்னொரு வாட்டி சொன்ன, இந்தப் படியில உருட்டி விட்டுருவேன்."

அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். தெல்மா இறங்கிப் போனாள்.

உள்ளே கொதிக்கிற கொதியில் அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மெர்வின் வெளியாள். அவனுக்கு வில்ஃப் யாரோ. தேளுக்குக் கொட்டத்தான் தெரியும். ஆனால் வில்ஃபின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த நாலு பேரில் டெரிக் ஒருத்தர். அந்தத் தோளோடுதான் அந்தக் கையும் இருந்தது. மெர்வின் மேல் ஆறு வருஷமாக அவள் வளர்த்த வெறுப்பெல்லாம் இப்போது வீடு மாறிப் போய்விட்டது, மிச்சம் மீதி வைக்காமல்.

கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் வழக்குப் படிவத்தைத் தள்ளினாள். "பூர்த்தி பண்ணிக் கொண்டாங்க. அந்த மேஜையில உக்காந்து எழுதலாம்."

மேஜையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். வேறு யார்? மெர்வின்தான். இன்றைய தள்ளுபடிக்கு அப்பீல் எழுதிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, தன் தாள்களை ஒதுக்கி இடம் விட்டான்.

"வாங்க மிஸஸ் ஹெட்லி, உக்காருங்க. முதல் தடவையா? மூணு நகல் எடுக்கணும், மறந்துடாதீங்க. ஒண்ணு கோர்ட்டுக்கு, ஒண்ணு எதிராளிக்கு, ஒண்ணு உங்களுக்கு. பெரிய எழுத்துல எழுதுங்க, இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

அவளுக்குக் காறித் துப்பலாமா என்றிருந்தது. எழுந்து போய்விடலாமா என்றும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. உட்கார்ந்தாள். வழக்கு நிற்காது, தெரியும். தள்ளுபடி ஆகும், அதுவும் தெரியும். ஆகட்டும். அதுவரைக்கும் யாராவது ஒருத்தர், சட்டப்படி, வில்ஃப் ஹெட்லியின் பெயரை எடுத்து, அவன் அளவு சரியா தப்பா என்று பேசித்தானே ஆக வேண்டும்?

பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள். எதிராளி பெயர் என்ற இடத்தில் டெரிக் டர்ன்புல் என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. பிறகு, தலையை நிமிர்த்தாமல், பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டாள்.

"விலாசம் கிளப்போடதா, வீட்டோடதா?"

மெர்வின் சந்தோஷமாகத் திரும்பினான்.

"வீட்டு விலாசம் போடுங்க. கிளப்புக்குப் போனா யாருக்கும் வலிக்காது."

தெல்மா வீட்டு விலாசத்தை எழுதினாள்.